சுமை நாளின் ஹார்மோன்: கால்சிட்டோனினும் தாயின் எலும்பும்

(இராயபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட வடிவம். இடையிடையே சொன்ன துணுக்குகளும் கேள்வி நேர உரையாடலும் நீக்கப்பட்டுள்ளன.)



விஞ்ஞான விஷயம் ஒன்றைப் பொதுமக்களுக்கு விளங்கும் தமிழில் சொல்ல வேண்டும் என்ற ஒரே நிபந்தனையுடன் ஏற்படுத்தப்பட்டுள்ள இச்சொற்பொழிவை நிகழ்த்துமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். உடலியல் பாடம் சொல்லியே காலத்தைக் கழித்த எனக்கு, வகுப்பறையில் அரைமணி நேரத்துக்குமேல் ஒதுக்க முடியாமற் போன ஒரு விஷயத்தை இங்கே ஆற அமரச் சொல்லலாம் என்ற ஆசை எழுந்தது. நம் கழுத்தின் முன்புறத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பியிலே பிறந்து, உடம்பிலுள்ள சுண்ணாம்புச்சத்தின் போக்குவரத்தில் தலையிடும் கால்சிட்டோனின் என்ற ஹார்மோனே அவ்விஷயமாகும். பாடப்புத்தகங்கள் அதற்கு அரைப்பக்கம் தருகின்றன. பரீட்சைக்கு முந்திய இரவு மட்டும் மாணவர் அதை நினைக்கின்றனர். பரீட்சை முடிந்தால் மறந்துவிடுகின்றனர்.

இதைப் பேசுவதற்கு இராயபுரத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ஊர் இது. பஞ்சகாலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்தின் வழிவந்து, இன்றும் முதியோர் வாயில் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே வழங்கும் ஸ்டான்லி மருத்துவமனையும், வடசென்னையின் எத்தனையோ தலைமுறைகள் பிறந்த இராஜா சர் இராமசாமி முதலியார் பிரசவ மருத்துவமனையும், விடியுமுன்னே ஏலக்குரல் எழும் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகமும் இந்த ஒரே வட்டாரத்தில் அமைந்துள்ளன. மருத்துவசாலை, பிரசவசாலை, மீன்துறை ஆகிய இம்மூன்றும் நான் சொல்லப்போகும் வரலாற்றில் தத்தம் இடத்தைப் பெறுவதைக் காண்பீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சுருங்கச் சொல்லிவிடுகிறேன். கால்சிட்டோனின் அன்றாட நிர்வாகத்துக்காக ஏற்பட்ட ஹார்மோன் அல்ல. உடம்பின் மீது, விசேஷமாகத் தாயின் உடம்பின் மீது, பெருஞ்சுமை ஏறும் நாட்களில் எலும்பைக் காப்பதற்காக ஏற்பட்டது என்பதே என் அபிப்பிராயம். அதற்கான ஆதாரங்களை ஏழு பகுதிகளாக வகுத்துக்கொள்கிறேன்.

1. சுண்ணாம்புச்சத்தின் கணக்கு

வளர்ந்த மனிதனின் சரீரத்தில் ஏறத்தாழ 1 கிலோகிராம் கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் உறைந்திருக்க, எஞ்சிய சிறுபகுதியே இரத்தத்திலும் தசையிலும் நரம்பிலும் ஓடியாடி வேலை செய்கிறது. 100 மில்லிலிட்டர் இரத்த நீரில் கால்சியத்தின் அளவு 8.5 முதல் 10.5 மில்லிகிராமுக்குள் நிற்க வேண்டும். அதனின்றும் குறைந்தால் உதட்டைச் சுற்றிலும் விரல் நுனிகளிலும் மதமதப்பு உண்டாகி, கைவிரல்கள் தாமே குவிந்து இழுத்துக்கொள்ளும். அதனின்றும் மிகுந்தால் மலச்சிக்கலும் மயக்கமும் சிறுநீரகக் கல்லும் தோன்றி, இதயத்தின் தாளமும் பிசகும். துறைமுகத்தில் உழைத்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம்: கிடங்குகளில் சரக்கு மலைமலையாக இருக்கிறது, ஆனால் வாயிலுக்கு வெளியே சாலையில் ஒரு நேரத்தில் ஓடும் லாரிகளின் எண்ணிக்கை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எலும்பு அக்கிடங்கு, இரத்தம் அச்சாலை.

கிடங்கைத் திறக்கும் அதிகாரம் பாராதைராய்டு சுரப்பிகளுக்கு உரியது. தைராய்டின் பின்புறத்தில், பயறு அளவில், பெரும்பாலும் நான்காக இருக்கும் இச்சுரப்பிகளின் வரலாற்றில் நம் நாட்டு விலங்கொன்றுக்கும் பங்குண்டு. லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1849இல் இறந்துபோன இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்து ஆராய்ந்த ரிச்சர்டு ஓவன் என்பவர், தைராய்டை ஒட்டியிருந்த ஒரு சிறு மஞ்சள்நிறச் சுரப்பியைக் கண்டு குறித்துவைத்தார். மனிதரிடத்தில் அதை 1880இல் விவரித்தவர் ஸ்வீடன் தேசத்து மருத்துவ மாணவரான ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம். அச்சுரப்பிகளை இழந்த நாய்களுக்கு உண்டாகும் இழுப்பு நோய் கால்சியம் கொடுத்தால் தணிகிறது என்பதை 1909இல் அமெரிக்காவில் மக்கல்லமும் வோக்ட்லினும் காட்டினர். அதிலிருந்து அரை நூற்றாண்டுக்காலம், இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் பாராதைராய்டு மிகுதியாகச் சுரக்கும், மிகுந்தால் சுரப்பை அடக்கிக்கொள்ளும், இதற்குமேல் வேறு கருவி தேவையில்லை என்றே சாஸ்திரம் கூறிவந்தது.

2. கண்டுபிடிப்பும் அதன் திருத்தமும்

அந்த அமைதியைக் குலைத்தவர் கனடா நாட்டு வான்கூவர் நகரில் உடலியல் பேராசிரியராக இருந்த ஹரால்டு காப். நாய்களின் தைராய்டு, பாராதைராய்டு ஆகிய இரண்டையும் சேர்த்து, அவற்றின் வழியே கால்சியம் மிகுந்த இரத்தத்தைச் செலுத்திய போது, உடம்பு முழுவதிலும் கால்சியம் விரைந்து இறங்குவதை அவர் கண்டார். பாராதைராய்டு தன் சுரப்பை நிறுத்திக்கொண்டதால் மட்டும் ஏற்படக்கூடிய இறக்கத்தைவிட அது வேகமாக இருந்தபடியால், கால்சியத்தைக் குறைக்கவென்றே மற்றொரு ஹார்மோன் இருக்க வேண்டுமென்று அனுமானித்து, அதற்குக் கால்சிட்டோனின் என்று பெயரிட்டு, 1962இல் விரிவாக வெளியிட்டார். அது பாராதைராய்டிலிருந்து வருகிறது என்பதே அவருடைய துணிபு.

ஹார்மோன் உண்மையாக இருந்தது. பிறப்பிடம் மட்டும் வேறாக இருந்தது. ஹார்வர்டில் பிலிப் மன்சனும் அவருடைய துணைவர்களும், எலிகளின் பாராதைராய்டைச் சூட்டுக்கோலால் தீய்த்து நீக்கினால், கத்தியால் அறுத்து நீக்குவதைவிட அதிகமாகக் கால்சியம் இறங்குவதைக் கவனித்தனர். சூடுபட்ட தைராய்டு எதையோ கசியவிடுகிறது என்று ஊகித்து, தைராய்டின் சாற்றையே ஊசிமூலம் செலுத்திப் பார்த்து, தம் ஊகம் மெய்யென்று கண்டனர். கால்சியத்தோடு பாஸ்பேட்டும் இறங்கியது. இரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925இல் அதே ஹார்வர்டிலே ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து வகுத்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துச் சென்ற எல்லாப்பிரகத சுப்பாராவ் என்பதை நாம் இவ்விடத்தில் பெருமையோடு நினைக்கலாம்.

முடிவான பரீட்சை லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் இயன் மக்கின்டயர் குழுவினரால் வெள்ளாட்டைக் கொண்டு செய்யப்பட்டது. வெள்ளாட்டின் பாராதைராய்டில் ஒரு ஜோடி தைராய்டை விட்டு விலகி, தனி இரத்தக்குழாயுடன் அமைந்திருப்பதால், இரண்டையும் தனித்தனியே சோதிக்க வழியுண்டு. பாராதைராய்டின் வழியே மட்டும் கால்சியத்தைச் செலுத்தியபோது ஒன்றும் நிகழவில்லை. தைராய்டின் வழியே செலுத்தியபோது கால்சியம் இறங்கியது. 1964இல் வெளிவந்த அக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் எம். ஏ. குமார் என்ற பெயரும் இருக்கிறது. அதற்கு முந்திய ஆண்டு இக்குழு வெளியிட்ட கட்டுரையில் முதற்பெயரே அவருடையதுதான். பின்னர் 1966இல் அந்தோணி பியர்ஸ், தைராய்டின் மாமூலான உயிரணுக்களுக்கிடையே சிதறிக்கிடக்கும் வேறோர் இனத்து உயிரணுக்களே இந்த ஹார்மோனைச் செய்கின்றன என்று நிறுவி, அவற்றுக்குச் சி-உயிரணுக்கள் என்று பெயரிட்டார். 32 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சங்கிலியே கால்சிட்டோனின் என்பது 1968க்குள் தெளிவாயிற்று.

3. இல்லாமையால் நோயில்லை, மிகுதியால் குறைவில்லை

புதிய ஹார்மோன் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சி அடங்குமுன்னே ஒரு தர்மசங்கடம் எழுந்தது. ஒரு ஹார்மோன் இன்றியமையாதது என்பதற்கு உடலியல் கேட்கும் சாட்சியங்கள் இரண்டு: அதன் ஊற்றை நீக்கினால் நோய் வர வேண்டும், அது பெருக்கெடுத்தால் எதிர்மாறான நோய் வர வேண்டும். இன்சுலினும் தைராக்சினும் இவ்விரண்டு பரீட்சைகளிலும் தேறியவை. கால்சிட்டோனின் இரண்டிலும் தேறவில்லை.

தைராய்டு முழுவதையும் அறுவை செய்து நீக்கிக்கொண்டவர்கள் இந்த அவையிலேயே சிலர் இருக்கக்கூடும். அவர்கள் நாள்தோறும் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரையை விழுங்குகின்றனர். அறுவையின்போது பாராதைராய்டுக்கும் சேதம் நேர்ந்திருந்தால் கால்சியமும் வைட்டமின் டியும் சேர்த்து உட்கொள்கின்றனர். கால்சிட்டோனினை ஈடுசெய்ய உலகத்தில் எந்த வைத்தியரும் மருந்து எழுதுவதில்லை. எழுதாததால் அவர்களுடைய இரத்தக் கால்சியத்துக்குக் குறையொன்றும் வந்ததில்லை. மறுபக்கத்தில், சி-உயிரணுக்களில் தோன்றும் மெடுல்லரி புற்று என்ற நோயில், கால்சிட்டோனின் சாதாரண அளவைப்போல் நூறு மடங்கும் ஆயிரம் மடங்கும் இரத்தத்தில் பெருகுகிறது. அப்போதும் கால்சியம் தன் இடத்திலேயே நிற்கிறது.

இதற்குக் காரணம் அது வேலை செய்யும் முறையிலேயே இருக்கிறது. எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை வெளியேற்றும் ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற பெரிய உயிரணுக்களின் மேல் கால்சிட்டோனின் சென்று படிந்தவுடன், சில நிமிஷங்களிலே அவை தம் விளிம்பைச் சுருக்கிக்கொண்டு அசைவற்றுப் போகின்றன. ஆனால் ஹார்மோன் இடைவிடாமல் வந்துகொண்டேயிருந்தால், சில நாட்களில் அவ்வுயிரணுக்கள் அதற்குச் செவிசாய்ப்பதை நிறுத்திவிடுகின்றன. உடனே அடக்கும் வல்லமை உண்டு, நீண்டு ஆளும் வல்லமை இல்லை. இப்படிப்பட்ட ஒன்றை இயற்கை அன்றாட அதிகாரியாக வைத்திருக்க நியாயமில்லை. அப்படியானால், கோடிக்கணக்கான ஆண்டுகளாக அதைக் கைவிடாமல் காத்துவருவதன் பிரயோசனம் என்ன? அக்கேள்விக்கு விடை தேட நாம் தைராய்டை விட்டுக் கடலுக்குப் போக வேண்டும்.

4. மீன் தரும் சாட்சியம்

பாலூட்டிகளில் மட்டுமே சி-உயிரணுக்கள் தைராய்டுக்குள் புகுந்து கலந்திருக்கின்றன. மீனிலும் தவளையிலும் பறவையிலும் அவை தனிச் சுரப்பியாக நிற்கின்றன. காசிமேட்டில் வஞ்சிரம் வெட்டும் பெண்மணி குடலை இழுத்தெறியும்போது, உணவுக்குழாய்க்கும் இதயத்துக்கும் இடைப்பட்ட தசைத் திரையோடு கண்ணுக்கு எளிதில் புலப்படாத அச்சுரப்பியும் போய்விடுகிறது. அல்டிமோபிராங்கியல் சுரப்பி என்று பெயர் பெற்ற அதில் கால்சிட்டோனின் செறிந்திருப்பதை 1967இல் நாய்ச்சுறாவிலும் கோழியிலும் காட்டியவரும் அதே காப் தான். வான்கூவர் கடற்கரையில் சால்மன் மீனை டப்பாக்களில் அடைக்கும் தொழிற்சாலைகளின் கழிவிலிருந்து அச்சுரப்பிகளைத் திரட்டி ஹார்மோனைப் பிரித்தெடுத்தபோது, சால்மனின் கால்சிட்டோனின் மனிதனுடையதைவிட 40 முதல் 50 மடங்கு வரை வலிமையுடையது என்பது தெரியவந்தது. நம் சந்தையில் இந்தியன் சால்மன் என்று விற்கப்படும் காலா மீன் இதற்கு உறவல்ல என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

சுறாவின் விஷயத்தில் ஒரு விசித்திரம் உண்டு. சுறாவுக்கு எலும்பே கிடையாது. அதன் கூடு முழுவதும் குருத்தெலும்பு. எலும்பில்லாத பிராணிக்கு எலும்பைக் காக்கும் ஹார்மோன் எதற்கு? எண்ணூர்க் கரையில் மோதும் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் கரைந்திருக்கிறது. அது நம் இரத்தத்தில் உள்ளதைப்போல் நான்கு மடங்கு. கடலிலேயே வாழும் மீனுக்குக் கால்சியம் தேடும் கவலையில்லை. மிகுதியானதைத் தள்ளுவதே அதன் கவலை. ஆகவே மீனில் கால்சிட்டோனினுக்கு அன்றாட வேலை இருக்குமென்று பலர் கருதினர். ஆனால் எலும்பு மீன்களில் அவ்வேலையைப் பெரும்பாலும் செய்வது சிறுநீரகத்தை ஒட்டியுள்ள ஸ்டானியஸ் துகள்களில் பிறக்கும் மற்றொரு ஹார்மோன் என்பது பின்னர்த் தெரிந்தது. கோரக்பூர்ப் பல்கலைக்கழக விலங்கியல் அறிஞர்கள் நம் ஊர்க் குளங்களிலும் கிடைக்கும் தேளி மீனில் கால்சிட்டோனினைச் செலுத்திப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கின்றனர்; மீன்களில் அதன் அன்றாடப் பணி என்ன என்ற விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

அந்த விவாதத்தினிடையே ஒரு செய்தி மட்டும் பளிச்சென்று தெரிகிறது. முட்டையிடுவதற்காகக் கடலைவிட்டு ஆற்றில் ஏறும் சால்மன்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, ஆண் மீனைவிடப் பெண் மீனில் கால்சிட்டோனின் மிகுந்திருந்தது. கருவுக்கு வேண்டிய கால்சியத்தைத் தாய்மீன் முட்டைக்குள் திரட்டி வைக்கும் காலம் அது. கால்சியத்தின் பெரும்புரட்டு நடக்கும் அந்த நாட்களில், எலும்பைக் கரைக்கவிடாத ஹார்மோன் தாயினிடத்தில் பெருகுவது தற்செயலாக இருக்க முடியுமா?

5. தாயின் எலும்பு

இனி மீன்துறையிலிருந்து பிரசவசாலைக்கு வருவோம். பிறக்கும் குழந்தையின் உடம்பில் ஏறத்தாழ 30 கிராம் கால்சியம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயிடமிருந்து சென்றது. பிறந்தபின் பாலின் மூலமாக நாள்தோறும் 200 மில்லிகிராமுக்குமேல் போய்க்கொண்டிருக்கிறது. கர்ப்ப காலத்தில் குடல் உணவிலிருந்து இரு மடங்கு கால்சியத்தை உறிஞ்சிச் சமாளிக்கிறது. பாலூட்டும் காலத்திலோ தாயின் எலும்பே கரைந்து பாலாகிறது. ஆறுமாதம் பால் கொடுத்த தாய் தன் எலும்பின் தாதுச்சத்தில் 3 முதல் 10 சதவீதம் வரை இழந்து, பால் மறக்கச் செய்தபின் அதைத் திரும்பப் பெறுகிறாள். உதிரத்தைப் பாலாக்கி வளர்த்தாள் என்று நம் பெரியோர் சொல்வது வழக்கம். எலும்பைப் பாலாக்கி வளர்த்தாள் என்பது உடலியல் அறிந்த உண்மை.

அக்கரைதலுக்கு ஓர் எல்லை வேண்டாமா? மக்கின்டயர் குழுவினர் 1979இலேயே, கர்ப்பிணிகளிடத்திலும் பாலூட்டும் தாய்மாரிடத்திலும் கால்சிட்டோனின் மிகுந்திருப்பதை அளந்து காட்டி, தாயின் எலும்புக்கூட்டைக் காப்பதே இந்த ஹார்மோனின் பணியாகலாம் என்று எழுதினர். அவ்வுத்தேசத்துக்கு உறுதியான ஆதாரம் 2006இல் கனடாவில் கிடைத்தது. கால்சிட்டோனின் ஜீனை நீக்கி வளர்த்த சுண்டெலிகள் சாதாரண நாட்களில் குறையின்றி வாழ்ந்தன. பாலூட்டும் காலத்தில் மட்டும், சாதாரணச் சுண்டெலி முதுகெலும்பின் தாதுச்சத்தில் ஏறத்தாழக் கால் பங்கை இழக்கும் இடத்தில், இவை பாதியை இழந்தன. சால்மன் கால்சிட்டோனினை ஊசிமூலம் செலுத்தியபோது அம்மிகையான இழப்பு தடுக்கப்பட்டது. அன்றாட வாழ்வில் இல்லாத ஒரு குறை, சுமை ஏறிய நாளில் வெளிப்பட்டுவிட்டது.

தைராய்டு நீக்கப்பட்ட பெண்கள் பிள்ளை பெற்றுப் பாலூட்டுகிறார்களே, அவர்கள் எலும்பு ஏன் நொறுங்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பாலூட்டும் மார்பகத்திலும் நஞ்சுக்கொடியிலும் கால்சிட்டோனின் உற்பத்தியாகிறது என்பதே அதற்கு இன்று சொல்லக்கூடிய சமாதானம். சுமை எங்கே ஏறுகிறதோ அங்கேயே காவலும் பிறக்கிறது. மனிதத் தாய்மாரில் இது சுண்டெலியில் காட்டப்பட்ட அளவுக்கு நேரடியாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் சால்மன், சுண்டெலி, மனுஷி ஆகிய மூன்று சாட்சிகளும் ஒரே திசையைச் சுட்டுவதை அலட்சியம் செய்ய என் மனம் இடங்கொடுக்கவில்லை.

இவ்வட்டாரத்துத் தாய்மார் பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால்சுறாப் புட்டு செய்து கொடுக்கும் வழக்கம் இங்கே பலருக்கு நினைவுவரும். சுறாவில் கால்சிட்டோனின் உண்டென்றால், அதைத் தின்ற தாய்க்கு அது சேருமா? சேராது. அது புரதச் சங்கிலியாதலால் இரைப்பையில் சிதைந்து வெறும் உணவாகிவிடும். ஆகையால்தான் மருந்தாகக் கொடுத்தபோது ஊசியாகவும் மூக்கில் தெளிப்பாகவும் கொடுத்தனர். புட்டின் நன்மை அதன் புரதத்தில் இருக்கிறது. பாட்டிமார் அதை விட்டுவிட வேண்டியதில்லை.

6. மருந்தாக வந்து ஒதுங்கிய கதை

எலும்பு கரைவதைத் தடுக்கும் பொருள் கிடைத்தபின், முதுமையில் எலும்பு புரையோடும் நோய்க்கு அதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பே. சால்மன் கால்சிட்டோனின் 1970களிலிருந்து ஊசியாகவும், பின்னர் மூக்குவழித் தெளிப்பாகவும் உலகெங்கும் விற்பனையாயிற்று. மாதவிடாய் நின்ற பெண்கள் ஆண்டுக்கணக்கில் அதைப் பயன்படுத்தினர். முதுகெலும்பு முறிவை அது ஓரளவு குறைத்தது, வலியையும் தணித்தது, இடுப்பெலும்பு முறிவைக் குறைப்பதாக நிரூபிக்க இயலவில்லை. 2012 ஜூலையில் ஐரோப்பிய மருந்து முகமை பழைய பரீட்சைகளையெல்லாம் மீண்டும் ஆராய்ந்து, நெடுநாள் மூக்குவழி மருந்து பயன்படுத்தியவர்களிடத்தில் புற்றுநோய் 2.4 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டதென்று கூறி, எலும்புப் புரைக்கு அதைக் கொடுக்கலாகாது என்று முடிவு செய்தது.

அம்முடிவின் பிற்பகுதிதான் என் வாதத்துக்கு வேண்டியது. மூன்று நிலைமைகளில் மட்டும், மிகக் குறுகிய காலத்துக்கு, ஊசியாகக் கொடுக்கலாம் என்று அம்முகமை அனுமதித்தது: எலும்பு தாறுமாறாகக் கரைந்து வளரும் பாஜெட் நோயில், மற்ற மருந்துகள் உதவாதபோது; புற்றுநோயால் இரத்தத்தில் கால்சியம் அபாயகரமாக ஏறும்போது; திடீரென்று அசைவற்றுப் படுத்த படுக்கையாகிவிட்டவர்களின் எலும்பு விரைந்து கரையும்போது. இவற்றுள் கடைசி நிலைமை திருவொற்றியூர், எண்ணூர் மக்களுக்கு விளக்காமலே புரியும். சரக்குப் பெட்டகம் இடறியோ, ஆலையின் சாரத்திலிருந்து விழுந்தோ இடுப்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் இளைஞனின் எலும்பு, உடம்பின் பாரத்தைத் தாங்கும் வேலை நின்றுபோனபடியால், வாரக்கணக்கில் கரைந்து சிறுநீரில் வெளியேறுகிறது. இது மீண்டும் ஒரு சுமை நாள்தான். இயற்கை எதற்காகப் படைத்ததோ அதற்குக் கிட்டத்தில் வந்தபோது இம்மருந்து உதவியது. அன்றாட மருந்தாக்க முயன்றபோது கைவிட்டது. இதை நான் வெறும் தற்செயலென்று எண்ணவில்லை.

7. சாட்சியாக நிற்கும் பெருமை

வைத்தியம் இந்த ஹார்மோனிடத்தில் பெற்ற மிகப்பெரிய உதவி மருந்து என்ற முறையில் கிடைத்ததன்று. ஆபத்தை முன்கூட்டி அறிவிக்கும் சாட்சி என்ற முறையில் கிடைத்தது. மெடுல்லரி புற்று தைராய்டுப் புற்றுகளில் மிகச் சிறுபான்மை. ஆனால் ஏறத்தாழ நான்கில் ஒன்று குடும்பவழி வருவது. 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் டாஷ்ஜியன், மெல்வின் ஆகியோர், நோயாளியின் உறவினருடைய இரத்தத்தில் கால்சிட்டோனினை அளந்து, கழுத்தில் கட்டி கைக்குத் தட்டுப்படுமுன்னரே நோயைப் பிடித்துவிடலாம் என்று காட்டினர். 1993இல் அக்குடும்பநோய்க்குக் காரணமான ரெட் என்ற ஜீனின் பிழை கண்டுபிடிக்கப்பட்டபின், அப்பிழையைச் சுமந்து பிறந்த குழந்தைக்குப் புற்று தோன்றுமுன்பே தைராய்டை நீக்கிவிடுவது நடைமுறைக்கு வந்தது. அறுவைக்குப்பின் நோய் மீளுகிறதா என்று பார்க்கவும் கால்சிட்டோனினே இன்றளவும் அளக்கப்படுகிறது.

இரண்டாவது சாட்சியம் அதன் முன்வடிவமான புரோகால்சிட்டோனின் சொல்வது. 116 அமினோ அமிலங்கள் கொண்ட இம்முன்வடிவம், பாக்டீரியாத் தொற்று இரத்தத்தில் கடுமையாகப் பரவும்போது, பெருகுகிறது என்பதை 1993இல் பிரெஞ்சு மருத்துவர்கள் அறிவித்தனர்; அப்போது அது தைராய்டில் மட்டுமின்றி உடம்பின் பல உறுப்புகளிலும் பிறக்கிறது. கொரோனாக் காலத்தில் உறவினரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிட்டுப் பரிசோதனைச் சீட்டுகளோடு அலைந்தவர்கள் இந்தப் பெயரைச் சீட்டிலே பார்த்திருப்பார்கள். மூன்றாவது விந்தையும் உண்டு. தைராய்டில் கால்சிட்டோனினைத் தரும் அதே ஜீன், நரம்பிலே வேறுவிதமாகப் படிக்கப்பட்டு, இரத்தக்குழாயை விரிக்கும் மற்றொரு பொருளைத் தருகிறது என்பது 1982இல் தெரிந்தது. அப்பொருளின் வேலையைத் தடுக்கும் ஒற்றைத்தலைவலி மருந்து 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. காப் நாய்களின் கழுத்தில் தேடியபோது இப்படியொரு பயன் விளையுமென்று யார் நினைத்திருப்பார்கள்?

முடிவுரை

பெரியோர்களே, என் வாதத்தைத் தொகுத்துச் சொல்லி முடிக்கிறேன். உடம்பில் உள்ள ஒவ்வொன்றையும், நாள்தோறும் என்ன செய்கிறது என்ற ஒரே அளவுகோலால் அளந்து, அதில் தேறாதவற்றை வீண் என்று தள்ளுவது உடலியலாரின் பழைய வழக்கம். கால்சிட்டோனின் அந்த வழக்கத்தைத் திருத்துகிறது. கருவைச் சுமக்கும் நாளும், பாலூட்டும் நாளும், படுக்கையில் வீழ்ந்த நாளும் உடம்பின் உண்மையான தேர்வு நாட்கள். அந்நாட்களை நோக்கியே ஆராய வேண்டியவை நம் உடம்பில் இன்னும் எத்தனையோ இருக்கக்கூடும்.

வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை இரண்டு. ஹார்மோன் எலும்பைக் காக்குமேயன்றி, இல்லாத கால்சியத்தைப் படைக்காது. பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டுமென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்திருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. வடசென்னைத் தெருக்களில் விற்கும் கூழையும், முருங்கைக் கீரையையும், முள்ளோடு தின்னும் நெத்திலியையும், பாலையும், கொஞ்சம் வெயிலையும் அவளுக்குக் குறைவின்றிக் கொடுங்கள். அடுத்து, கழுத்தின் முன்பக்கத்தில் கட்டி தோன்றினால், வலியில்லையே என்று காலம் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். குடும்பத்தில் யாருக்கேனும் தைராய்டுப் புற்று இருந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாலூட்டும் நம் ஏழைத் தாய்மாரின் எலும்பு எவ்வளவு கரைகிறது, எத்தனை மாதத்தில் மீளுகிறது, அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றவளுக்கு மீளாமலே போகிறதா என்பதை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து அறிய, பிரசவ மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரியும் அருகருகே அமைந்த இவ்வட்டாரத்தைவிட வசதியான இடம் கிடைக்காது. வான்கூவரிலும் லண்டனிலும் தொடங்கிய ஆராய்ச்சியின் அடுத்த அத்தியாயத்தை இராயபுரத்தில் எழுத உங்களில் சிலராவது முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.